நான்கு ஞாயிறுகள்: எஸ்டேட் வாசகசாலையில் தொழிற்சங்க வரலாறு நடத்தும் முறை

கேரள மலையில் மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் வாசகசாலைகளில் தொழிற்சங்கம் பிறந்த கதையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். நீராவி இயந்திரத்தில் தொடங்கி, மான்செஸ்டர் புகையில் நுழைந்து, சிகாகோவில் முடிப்பார்கள். கேட்பவர்களோ காலையிலிருந்து மலைச்சரிவில் நின்று கொழுந்து எடுத்தவர்கள். இருபதாவது நிமிடத்தில் தலை தொங்கிவிடும். குற்றம் அவர்களுடையது அல்ல.

இங்கே சொல்லும் முறையில் நான்கு பொருள்கள்: தராசு, பெட்டி, முன்பணம், அபராதம். இவற்றை எஸ்டேட் ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சங்கத்தை வளர்த்ததில் மேடைப் பேச்சைவிட இந்த நான்கின் கணக்குக்கே பங்கு அதிகம். அதனால் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

முன்னேற்பாடு

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பிற்பகல் 3 மணி முதல் 4.15 வரை. வார நாள் மாலையில் வைத்தால் ஆண்கள் மட்டும் வருவார்கள்; பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். ஜனவரி, பிப்ரவரி நல்லது. கொழுந்து குறைவு, மழை இல்லை. கொழுந்து பொங்கி வரும் மாதங்களில் ஞாயிறும் வேலை இருக்கும். மார்ச்சில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. ஜனவரியில் மூணாறு உச்சியில் ஐந்து மணிக்கே கை விறைக்கும் என்பதால் 4.15-ஐத் தாண்ட வேண்டாம்.

15 முதல் 25 பேர் போதும். முப்பதைத் தாண்டினால் தராசுப் பாடம் குழம்பும். ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு. என்று மூன்று தொழிற்சங்கக் கொடியும் உள்ள இடமானால் மூன்று தரப்பையும் அழையுங்கள். ஆனால் மேடை, மாலை, வாழ்த்துரை எதுவும் வேண்டாம். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் மற்ற இருவருக்கும் கொடுக்க வேண்டும். அதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

சேகரிக்க வேண்டியவை: 50 கிலோ வரை காட்டும், முள் வைத்த பழைய தொங்கு தராசு ஒன்று, கொழுந்துச் சாக்கு நான்கு, சாக்கில் போட ஆற்றுக் கல், மூடியுள்ள தகரப் பெட்டி ஒன்று, அதில் மூன்று கொண்டி, மூன்று பூட்டு, புளியங்கொட்டை 300, நோட்டு நான்கு, கொத்தனார் நூல் 11 மீட்டர், துணி கிளிப் இரண்டு டஜன்.

நூல் எதற்கு? அதுதான் காலக்கோடு. ஒரு ஆண்டுக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்தால் 1799 முதல் 1899 வரை சரியாக 10 மீட்டர். மீதி ஒரு மீட்டர் இரு முனையிலும் முடிச்சுக்கு. வாசகசாலைச் சுவர் அவ்வளவு நீளம் இருக்காது. லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வராந்தா கிடைத்தால் தூணுக்குத் தூண் கட்டலாம். இடமில்லை என்று ஆண்டுக்கு 5 சென்டிமீட்டராகக் குறைத்தால் அடுத்தடுத்த ஆண்டுகளின் அட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அப்போது ஒன்றை நூலுக்கு மேலும் அடுத்ததைக் கீழும் மாட்டுங்கள். சார்ட் பேப்பர் மலை ஈரத்தில் ஒரே இரவில் சுருண்டுவிடும். பழைய அட்டைப்பெட்டியை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொள்வதே நல்லது. ஆண்டைப் பெரிய எண்ணில் எழுதுங்கள். விளக்கத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள். பிள்ளைகளில் பலர் மலையாள மீடியத்தில் படிப்பதால் தமிழ் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் திணறுவார்கள். ஜார்கண்ட், அசாம் ஆட்கள் வந்தால் எண் மட்டுமாவது புரியும்.

முதல் ஞாயிறு: தராசு

வகுப்பு தொடங்கும் முன், யாரும் பார்க்காதபோது தராசு முள்ளை அரை கிலோ குறைத்துக் காட்டும்படி திருகி வையுங்கள். நான்கு சாக்கில் 10 முதல் 18 கிலோ வரை கல் போட்டுக் கட்டுங்கள். ஒருவர் நிறுக்கட்டும், ஒருவர் சத்தமாகச் சொல்லட்டும், ஒருவர் நோட்டில் எழுதட்டும். பிறகு, சரியான எடை தெரிந்த ஒன்றை மாட்டச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய 5 கிலோ அரிசிப் பை போதும். முள் நாலரையில் நிற்கும். கூட்டம் தானாகப் பேச ஆரம்பிக்கும், நீங்கள் பேசாதீர்கள்.

அடுத்து கணக்கு. ஒரு தடவைக்கு அரை கிலோ. நாளைக்கு மூன்று நிறுவை என்றால் ஒன்றரை. 25 நாளில் 37.5 கிலோ. இருபது பேருக்கு 750 கிலோ பச்சைக் கொழுந்து. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்று வைத்தால், 165 கிலோவுக்கு மேல் தேயிலை யார் கணக்கிலும் ஏறாமல் போகிறது. பலகையில் இதைப் படிப்படியாக எழுத வேண்டும். கடைசி எண்ணை மட்டும் சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

இதற்குப் பிறகுதான் இங்கிலாந்து. அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வெட்டியெடுத்த எடைக்குத்தான் கூலி. நிறுப்பவர் முதலாளியின் ஆள். தொட்டியில் கல் கலந்திருக்கிறது, நிறையவில்லை என்று சொல்லி எடையைக் கழிப்பார்கள். சில நேரம் தொட்டியையே கணக்கில் சேர்க்க மாட்டார்கள். வெட்டியவன் பூமிக்கு அடியில், தராசு மேலே. கண்ணால் பார்க்கவே வழியில்லை. பல காலப் போராட்டத்துக்குப் பிறகு 1860-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், தொழிலாளர்கள் தங்கள் செலவில் தங்கள் பக்கத்து நிறுவையாள் ஒருவரைத் தராசடியில் நிறுத்திக்கொள்ளலாம் என்றது. ஆனால் அவர் அதே சுரங்கத்தில் வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று கூட்டத்தைக் கேளுங்கள். யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். அதேதான் நடந்தது. 1887 வரை சட்டத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தித்தான் அந்த ஆளுக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு வந்தது.

சங்க வளர்ச்சியில் இந்த நிறுவையாளுக்கு உள்ள இடத்தைப் பேச்சாளர்கள் கவனிப்பதே இல்லை. அவருக்குக் கூலி கொடுக்க எல்லோரும் வாராவாரம் காசு போட வேண்டும். அவரைக் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளியிடம் சம்பளம் வாங்காதவராக இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சங்கச் செயலாளர் கிடைத்துவிடுகிறார். சுரங்கச் சங்கங்களின் தலைவர்கள் பலர் இந்த வேலையிலிருந்து வந்தவர்கள்தான்.

ஓர் எச்சரிக்கை. கல்லை வைத்துத்தான் நிறுக்க வேண்டும், கொழுந்தை வைத்து அல்ல. கொழுந்தைக் கொண்டுவந்தால் பேச்சு உடனே இன்றைய சூப்பர்வைசர் மீது திரும்பும். அடுத்த ஞாயிறு வாசகசாலைச் சாவி கிடைக்காது. இன்றைய நிறுவையில் குறை இருந்தால் அதை எழுதிச் சங்கத்திடம் கொடுப்பது வேறு வேலை, அதை வேறு நாளில் செய்யுங்கள். முடிந்ததும் தராசு முள்ளைப் பழையபடி திருகி வைக்க மறக்க வேண்டாம்.

இரண்டாம் ஞாயிறு: மூன்று பூட்டுப் பெட்டி

குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தில் (கேரளத்துப் பெண்கள் சேமிப்புக் குழு) வாரச் சேமிப்பு எழுதும் பெண்கள் இந்த வகுப்புக்கு அவசியம் வேண்டும். அவர்களையே செயலாளர், பொருளாளர் ஆக்குங்கள்.

சங்கம் சட்டவிரோதமாக இருந்த காலத்தில் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் பரஸ்பர உதவிச் சங்கம் என்ற பெயரில் கூடினார்கள். நோய்க்கும் சாவுக்கும் உதவ வாராவாரம் சில பென்னி. பணம் ஒரு பெட்டியில். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூவரிடம். மூவரும் கூடினால்தான் திறக்கும். தகரப் பெட்டியைச் சுற்றுக்கு விட்டு, ஒரு சாவிக்காரர் வராத நாளில் என்ன செய்வது என்று கேளுங்கள். விதிமுறைப் புத்தகம் ஏன் வந்தது என்பது விளங்கிவிடும்.

பழைய பணக் கணக்கு முதலில் தலைசுற்றும். 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். அணா, பைசா தெரிந்த பாட்டிமார்களுக்கு இது ஒன்றுமே இல்லை. அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒரு புளியங்கொட்டை ஒரு ஷில்லிங்.

1851-இல் உருவான பொறியாளர் ஒன்றியச் சங்கத்தில் உறுப்பினர் சந்தா வாரத்துக்கு ஒரு ஷில்லிங். அன்றைய கைத்தேர்ந்த மெக்கானிக்கின் வாரக்கூலி ஏறக்குறைய 30 ஷில்லிங் என்றால், இன்று யார் சந்தா அதிகம் என்று முணுமுணுக்கிறார்களோ அவர்களுக்கே விகிதத்தைக் கணக்கிடக் கொடுக்கலாம். இருபது பேரைக் கிளையாக உட்காரவைத்து, 13 வாரத்துக்கு ஆளுக்கு ஒரு கொட்டை பெட்டியில் விழட்டும்: 260. இரண்டு பேர் நான்கு வாரம் நோயாளி, வாரத்துக்கு 10 ஷில்லிங் உதவி: 80 போனது. மீதி 180. இப்போது வேலைநிறுத்தம் அறிவியுங்கள். இருபது பேருக்கும் வாரம் 10 என்றால் 200 வேண்டும். ஒரு வாரம்கூடத் தாங்காது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். வீரம் இருந்தும் வேலைநிறுத்தங்கள் ஏன் மூன்றாம் வாரம் உடைந்தன, ‘கருங்காலி’ என்று திட்டப்பட்டவன் வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தப் பெட்டியின் அடியில் தெரியும். பிறகு கேளுங்கள்: வெவ்வேறு ஊரில் 11,000 பேர் தலா ஒரு ஷில்லிங் போட்டால்? வாரம் 1,100 பேரைத் தாங்கலாம். பொறியாளர் சங்கம் தொடக்கத்தில் ஏறக்குறைய அந்த அளவுதான் இருந்தது. இவ்வளவு பலம் இருந்தும் 1852 கதவடைப்பில் தோற்றது; சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் முதலாளிகள் கதவைத் திறந்தார்கள். ஆனால் சங்கம் செத்துவிடவில்லை. பெட்டியில் பணம் இருந்தது, விதிமுறை இருந்தது.

அடுத்து பெட்டி திருட்டு. பிராட்ஃபோர்டு கொதிகலன் தொழிலாளர் கிளையின் பொருளாளர் 24 பவுனைத் திருப்பித் தரவில்லை. நம் இருபது பேர் கிளைக்கு 24 பவுன் என்பது 24 வாரச் சந்தா. சங்கம் வழக்குப் போட்டது. 1867-இல் தீர்ப்பு வந்தது: தொழிலைத் தடைசெய்யும் நோக்கமுள்ள அமைப்பு இது, பரஸ்பர உதவிச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்க முடியாது. அதாவது, கூடுவது குற்றமில்லை, ஆனால் உங்கள் பணத்தை யார் எடுத்தாலும் கோர்ட்டுக்கு வராதீர்கள். 1871-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம்தான் இந்த ஓட்டையை அடைத்தது. பதிவு, தணிக்கை, ஆண்டுக் கணக்கு என்ற சடங்கெல்லாம் எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்றாம் ஞாயிறு: முன்பணம்

இன்று நூலைக் கட்டுங்கள். தொடக்கத்தில் 1799: கூட்டுச் சேருவதைத் தடைசெய்த சட்டம். 2.5 மீட்டரில் 1824: அந்தத் தடை நீக்கம், மறு ஆண்டே பாதி திருப்பி எடுத்துக்கொண்டார்கள். 3.5 மீட்டரில் 1834.

அந்த 1834-இல் சற்று நில்லுங்கள், ஏனென்றால் அது ஆலைக் கதை அல்ல, வயற்காட்டுக் கதை. டார்செட் மாவட்டத்தில் டால்படில் என்ற கிராமம். விவசாயக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங்கிலிருந்து எட்டாகி, ஏழாகி, ஆறாகப் போகிறது என்ற நிலையில் ஜார்ஜ் லவ்லெஸ் என்ற மெதடிஸ்ட் பிரசங்கியாரும் இன்னும் ஐவரும் சங்கம் சேர்த்தார்கள். சேருபவர் கண்ணைக் கட்டி, எலும்புக்கூட்டுப் படத்தின் முன் சத்தியம் வாங்கினார்கள். சங்கம் அப்போது குற்றமில்லை. அதனால், கப்பற்படைக் கலகத்துக்குப் பின் 1797-இல் போட்ட இரகசியச் சத்தியத் தடைச் சட்டத்தை எடுத்து ஏழு ஆண்டு நாடுகடத்தினார்கள், ஆஸ்திரேலியாவுக்கு. லண்டனில் பெருங்கூட்டம் திரண்டது, மனுக்கள் குவிந்தன, 1836-இல் மன்னிப்பு வந்தது. ஒரு சட்டம் அனுமதிப்பதை இன்னொரு சட்டத்தால் தண்டிக்கலாம் என்பதுதான் இங்கே பாடம்; சத்தியம் செய்த காட்சியை நாடகமாகப் போட்டால் பிள்ளைகள் அதை மட்டும்தான் நினைவில் வைப்பார்கள்.

இப்போது முன்பணத்துக்கு வாருங்கள். வேலை ஒப்பந்தத்தை முதலாளி மீறினால் சிவில் வழக்கு, தொழிலாளி மீறினால் சிறை: இங்கிலாந்தில் 1875 வரை இதுதான் சட்டம். 7.6 மீட்டரில் மாட்டுங்கள். பக்கத்தில் 7.8 மீட்டரில் 1877: ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று ராஜாவிடமிருந்து மூணாறைச் சுற்றிய கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற ஆண்டு. இரண்டு அட்டைகளுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லை. பின்னால் திரும்பி 6 மீட்டரில் 1859: முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவரை, மாஜிஸ்ட்ரேட் உத்தரவுக்கும் பணியாவிட்டால் மூன்று மாதம் வரை சிறையில் போடலாம் என்ற பிரிட்டிஷ் இந்தியச் சட்டம். அதை நீக்கும் சட்டம் 1925-இல்தான் வந்தது. நூலில் அதற்கு இடமில்லை, தூணைத் தாண்டி இரண்டரை மீட்டர் நடந்து காட்டுங்கள். நடப்பதைப் பார்ப்பவர்களுக்கு அந்த இடைவெளி உறைக்கும். ஒன்றை மட்டும் குழப்ப வேண்டாம்: மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1859 சட்டம் செல்லுபடியானது மதுரை, திருநெல்வேலி போன்ற ஆள் பிடித்த பிரிட்டிஷ் ஜில்லாக்களில்.

ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து மலைக்குக் கூட்டிவந்தவர் கங்காணி. அவரது கணக்கைப் பலகையில் போடுங்கள். கீழே உள்ளவை பாடத்துக்காக வைத்த எண்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முன்பணம் 20 ரூபாய். நாட்கூலி 4 அணா, 25 நாள்: 6 ரூபாய் 4 அணா. அரிசிக்குப் பிடித்தம் 3 ரூபாய் 8 அணா, செலவுக்காசு 1 ரூபாய் 8 அணா. கடனில் கழிவது 1 ரூபாய் 4 அணா. இருபது ரூபாய் கழிய 16 மாதம். நடுவில் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்தால் அரிசியும் செலவுக்காசும் 5 ரூபாய் கடனில் ஏறும்; அதைக் கழிக்க இன்னும் 4 மாதம். கம்பளிக்குப் பிடிப்பது தனி. ஊரில் சேர்த்துக்கொண்ட அன்றே சங்கத்தில் சேரும் சுதந்திரம் போய்விடுகிறது என்பதை இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டிஷ் மெக்கானிக் கடனில்லாமல் சந்தா கட்டினான். போடியிலிருந்து மலையேறியவர் கடனோடு ஏறினார். மலைத்தோட்டத்தில் சங்கம் வேர்விட 1940-கள் ஆனதற்கு மொழியும் அடிவாரத்துத் தூரமும் காரணங்கள்தான், ஆனால் இந்தக் கணக்குத்தான் முதல் காரணம்.

இந்த வகுப்பில் அடிக்கடி நேரும் கோளாறு, கங்காணியை முழு வில்லனாக்குவது. கூட்டத்தில் கங்காணி பேரன், பேத்தி இரண்டு பேராவது இருப்பார்கள். ஆட்கள் வேலைக்கு வந்து பெயர் விழுந்தால்தான் கங்காணிக்கும் கமிஷன். ஆட்கள் ஓடிப்போனால் முன்பணம் அவர் தலையில். கணக்கைப் பேசுங்கள், குடும்பத்தைப் பேசாதீர்கள்.

நான்காம் ஞாயிறு: அபராதம்

தீப்பெட்டியோடு தொடங்குங்கள். 1888 ஜூலை, கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே தீக்குச்சி ஆலை, ஏறக்குறைய 1,400 பெண்களும் சிறுமிகளும் வெளியேறினார்கள். கால் அழுக்கு, பெஞ்சு ஒழுங்கில்லை, பேச்சு என்று எதற்கெடுத்தாலும் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸ் தாடை எலும்பை அரித்தது. இதைப் பத்திரிகையில் எழுதியவர் அன்னி பெசன்ட். அவர் வேலைநிறுத்தம் செய்யச் சொல்லவில்லை. பெண்களே முடிவெடுத்தார்கள், அவர் பின்னால் வந்து நின்றார். இரண்டு வாரத்தில் அபராதம் ஒழிந்தது, சங்கம் பிறந்தது. அதே பெசன்ட் பின்னாளில் சென்னை அடையாற்றில் குடியேறியவர். அவருடன் பணியாற்றிய பி.பி. வாடியா 1918-இல் மதராஸ் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். சொன்னால் அட என்பார்கள்.

அடுத்த ஆண்டு லண்டன் துறைமுகக் கூலிகள். நிரந்தர வேலையில்லை, காலையில் வாசலில் நின்று கூப்பிட்டால் உண்டு. மணிக்கு 5 பென்னியை 6 ஆக்கச் சொல்லி ஐந்து வாரம் நின்றார்கள். ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் அனுப்பிய 30,000 பவுன் அளவிலான நன்கொடைதான் கடைசி வாரங்களைத் தாங்கியது. இரண்டாம் ஞாயிற்றுப் புளியங்கொட்டையை நினைவூட்டினால் போதும். பம்பாயில் 1884-இல் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டினார்; 1890-இல் அங்கே வார விடுமுறை கிடைத்தது. ஞாயிறு பிற்பகல் உட்கார்ந்து இதைக் கேட்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு நகருங்கள்.

கடைசி அரை மணி 2015-க்கு. அந்தச் செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியானபோது மூணாறில் பெண்கள் ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்ததும், சங்கத் தலைவர்களை அருகில் விடாததும், நாட்கூலி 232 ரூபாயிலிருந்து பிறகு 301 ஆனதும் கூட்டத்துக்குத் தெரியும். உட்கார்ந்தவர்களே எதிரில் இருப்பார்கள். நீங்கள் நாற்காலியை விட்டு இறங்கி நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு மூன்று கேள்வி: அன்று வீட்டில் எத்தனை நாள் அரிசி இருந்தது, யார் சமைத்தார், வரச் சொன்னது யார். போனில் பதிவு செய்வதானால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். சங்கக்காரர் யாராவது எழுந்து மறுப்புச் சொல்லத் தொடங்கினால், அவரது பதிலையும் அதே நோட்டில் அதே அளவு இடத்தில் எழுதிக்கொள்வதாகச் சொல்லி உட்கார வையுங்கள்.

அன்று மாலையே நூலை அவிழ்த்துவிடுங்கள். விட்டுவைத்தால் துணி காயப்போடுவார்கள். அட்டைகளின் பின்னால் மீட்டர் அளவை எழுதி, வரிசையாக அடுக்கி, தகரப் பெட்டிக்குள் வையுங்கள். நோட்டை வாசகசாலைப் பதிவேட்டில் எண் போட்டுச் சேர்த்துவிட வேண்டும். சாவிகளை மூன்று பேரிடம் கொடுங்கள், மூவரும் ஒரே லயத்துக்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.